பந்து விழாத இடம்

பெங்களூரில் சின்னக் குழந்தையோடு குடியேற எந்தப் பக்கம் நல்லது? ஐந்து நாள் அங்கே தங்கி, மூன்று திசையிலும் அலைந்து, ஏழு வீடு பார்த்துவிட்டு வேலூர் திரும்பிய பிறகும் என்னிடம் இதற்குப் பதில் இல்லை. கோல்ஃப் விதிகளைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் தயங்காமல் சொல்வேன்.

என் கணவருக்கு ஜூன் மாதத்திலிருந்து பெங்களூரில் வேலை. பழைய வேலையை ஒப்படைக்கும் மும்முரத்தில் அவருக்கு ஒரு நாள் விடுப்புக்கூடக் கிடைக்கவில்லை. "நீ போய்ப் பார்த்துட்டு வா. அக்கா இருக்கா, மாமா இருக்காரு, என்ன பயம்" என்றார். பயம் என்ன என்று பட்டியல் போட்டால் அவருக்கு நேரம் போதாது என்பதால், அதை ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டேன். மொத்தம் பதினான்கு வரிகள். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், குழந்தை மருத்துவர் எவ்வளவு தூரம், பால்கனிக்குக் கம்பி உண்டா, மாடிப்படி செங்குத்தா, தெருநாய்கள் எத்தனை. ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடிக்க ஒரு கட்டம். எம்.எஸ்சி. படித்ததற்கு இப்போதைக்கு அதுதான் பயன்.

வியாழக்கிழமை காலை நான்கு வயது ஆதிரையோடு ரயில் ஏறினேன். நாத்தனார் வீடு ஒயிட்ஃபீல்டில். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கச் சொல்லியிருந்தார்கள். ரயில் அங்கே நின்றபோது ஆதிரை நல்ல தூக்கத்தில் இருந்தாள். எழுப்பி இறக்குவதா, தூக்கிக்கொண்டு இறங்குவதா, பெட்டியை முதலில் வைப்பதா, பிள்ளையை முதலில் வைப்பதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. கன்டோன்மென்ட்டில் இறங்கி, வந்த வழியே ஆட்டோவில் திரும்பினோம். ஆட்டோக்காரர் கன்னடத்தில் சொன்னது எனக்கு இப்படித்தான் புரிந்தது: "ஒயிட்ஃபீல்டா? குழந்தைக்குச் சாப்பாடு கையில் இருக்கிறதா, வாங்கிக்கொண்டு போகலாமா?" கேலி என்று நினைத்தேன். டின் ஃபேக்டரி சிக்னலில் ஆதிரை இரண்டாவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபோது அது நல்லெண்ணம் என்று தெரிந்தது.

சுமதி அண்ணி பள்ளி ஆசிரியை. பரீட்சைத் தாள் திருத்தும் காலம். "நீ தப்பா நெனச்சுக்காத, எனக்கு ஞாயித்துக்கிழமைகூட தலைக்கு மேல வேலை. உங்க அண்ணன் கூட்டிட்டுப் போவாரு" என்றார். அண்ணன் என்றது அண்ணியின் கணவர் முரளி அண்ணாவை. நல்ல மனிதர். மூன்று வருடமாகக் கோல்ஃப் ஆடுகிறார். அவருடைய வாரத்தில் வீடு பார்க்கும் நேரம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. கோல்ஃபுக்குப் போகும்போது அப்படியே வீடும் பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. "ஒரே பெட்ரோல்" என்றார்.

அன்று மாலை அவருடைய ஆட்டக் கூட்டாளிகள் இருவர் காபிக்கு வந்தார்கள். ஒருவர் தேவராஜ் சார். ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், அரசுத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நகரத்தின் நடுவே இருக்கும் பழைய மைதானத்தில் உறுப்பினர். "பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடி மனு போட்டேன்மா. பொண்ணு காலேஜ் போனப்போ மெம்பர்ஷிப் வந்துச்சு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். இன்னொருவர் மஞ்சுநாத் சார். கன்னடக்காரர், ஹெப்பாளத்துக்கும் அப்பால் வீடும் நிலமும் உள்ளவர். தமிழ் புரியும், பேச்சு கன்னடத்தில். அவர் ஆடுவது வடக்கே, விமான நிலையம் போகும் வழியில் ஒரு புது மைதானம்.

நான் செய்த தவறு, மூன்று பேரும் இருக்கும்போது கேட்டதுதான். "அண்ணா, குழந்தையோட இருக்க எந்தப் பக்கம் நல்லது?"

"இந்தப் பக்கம்தான்மா. வேற பேச்சே இல்ல. ஆறு மணிக்கு எழுந்தா ஆறேகாலுக்கு முதல் அடி."

"யாருண்ணா அடிக்கணும்?"

"நான்தான்."

தேவராஜ் சார் காபி டம்ளரை வைத்தார். "உன்னுது இன்னா மைதானம்ப்பா. ஒன்பது குழி. ரெண்டு தபா சுத்துனாத்தான் பதினெட்டு. நீ அடிச்சு முடிக்கறதுக்குள்ள பால்கனில துணி காயப்போட்ற பொம்பளைங்க உன் ஸ்கோர சொல்லிடறாங்க."

"உங்களுதுல பந்தை விட மரம் ஜாஸ்தி சார். ஆடறீங்களா, விறகு வெட்டறீங்களா?"

மஞ்சுநாத் சார் என் பக்கம் திரும்பி, எங்கள் பக்கம் வாருங்கள் அம்மா, காற்று இருக்கிறது, ஏரி இருக்கிறது, விமான நிலையம் இருபது நிமிடம் என்றார் கன்னடத்தில்.

"ஏர்போர்ட்லயா குடியிருக்கப் போவுது பாப்பா?" என்றார் தேவராஜ் சார். "மஞ்சு, காலைல ஷேவ் பண்ணிக்கினு கிளம்புனா உன் மைதானம் போய்ச் சேர்றதுக்குள்ள தாடி மொளச்சுடும். சும்னே இரு."

வீட்டைப் பற்றிய பேச்சு கடைசியில் இப்படி முடிந்தது: ஞாயிற்றுக்கிழமை மூவரும் பழைய மைதானத்தில் ஆடுவார்கள். ஜெயிப்பவர் சொல்லும் பக்கம் தங்கச்சிக்கு வீடு. தோற்பவர்கள் ஒரு வருடத்துக்குத் தங்கள் பேட்டையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை ஒயிட்ஃபீல்டு. பதினோராம் மாடியில் ஒரு வீடு. கம்பி இருந்தது, வலை இருந்தது, வளாகத்துக்குள்ளேயே மழலையர் பள்ளி இருந்தது, கீழே மருந்துக் கடை இருந்தது. என் பதினான்கு கட்டங்களில் பன்னிரண்டு நிறைந்தன. தண்ணீர் எப்படி என்று கேட்டேன். காட்ட வந்தவர் ஜன்னலைத் திறந்து, கீழே வரிசையாக நின்ற டேங்கர் லாரிகளைப் பெருமையோடு காட்டினார். அதற்கும் அப்பால் முரளி அண்ணாவின் மைதானம் பச்சைப் பசேலென்று நனைந்துகொண்டிருந்தது. பார்த்ததும் வயிற்றெரிச்சலாக இருந்தது. எங்கள் ஊரில் பாலாற்றையே பல மாதம் மணலாகப் பார்த்துப் பழகியவள் நான். "அது சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி விடறதும்மா" என்றார் அண்ணா. சரிதான். ஆனாலும் சாக்கடைக்குக் கிடைத்த மரியாதை மனதை என்னவோ செய்தது.

லிஃப்ட்டில் இறங்கும்போது நான்கு பேர் ஏறினார்கள். நால்வரும் போனைப் பார்த்தார்கள். ஆதிரை ஒவ்வொருவரிடமும் தன் பெயரைச் சொன்னாள். ஒருவர் மட்டும் காதிலிருந்து எதையோ எடுத்துவிட்டு, "சாரி?" என்றார்.

மதியம் வளாகத்து உணவகத்தில் சாம்பார் தித்தித்தது. ஆதிரை இரண்டு கிண்ணம் குடித்தாள். வீட்டில் நான் வைக்கும் சாம்பாரை அவள் தொட்டதே இல்லை. இதை நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மஞ்சுநாத் சார் தன் புதுக் காரில் வந்து அழைத்துப் போனார். ஹெப்பாள மேம்பாலத்தில் முக்கால் மணி நேரம். பாலம் முடிவதற்குச் சற்று முன்பு ஆதிரை முதல் நாள் சாம்பார் உட்பட எல்லாவற்றையும் அவர் இருக்கையில் வாந்தி எடுத்தாள். நான் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே பத்து முறை மன்னிப்புக் கேட்டேன். அவர் வண்டியை ஓரம் கட்டி, விடுங்கள் அம்மா, நேற்று வரை இதைப் புதுக் கார் என்று பயந்து பயந்து ஓட்டினேன், இனி நிம்மதி என்றார். வழியில் தட்டு இட்லிக் கடையில் ஆதிரைக்குத் தன் கையாலேயே ஊட்டினார். தட்டளவு அகலம், பஞ்சு போல இருந்தது இட்லி. இவ்வளவு நல்ல மனிதரின் பேட்டை பிடித்துவிட வேண்டும் என்று உண்மையிலேயே வேண்டிக்கொண்டேன்.

பிடிக்கவில்லை. வீடுகள் பெரியவை, காற்று வீசியது, ஏரியும் இருந்தது. மனிதர்கள்தான் இல்லை. ஒரு தெரு முழுக்க நடந்ததில் ஒரு காவலாளியையும் ஆறு நாய்களையும் பார்த்தோம். காவலாளி தூங்கினார். நாய்கள் தூங்கவில்லை. திரும்பும்போது மஞ்சுநாத் சார் தன் மைதானத்தைக் காட்ட நிறுத்தினார். ஒரு பந்தை வைத்து அடித்தார். அது அழகாகப் பறந்து ஏரியில் விழுந்தது. "காற்று" என்றார்.

ஞாயிறு காலை ஆட்டத்துக்கு முன் ஆஸ்டின் டவுன். தேவராஜ் சாரின் அக்கா வீட்டு மாடி காலியாக இருந்தது. ஒரு கார் வந்தால் எதிரே வரும் கார் கடவுளை வேண்டிக்கொள்ள வேண்டிய தெரு. படி செங்குத்து. பால்கனியில் இடுப்பளவுச் சுவர் மட்டும், கம்பி கிடையாது. கட்டங்களில் ஐந்துதான் நிறைந்தன. ஆனால் நாங்கள் படியேறுவதற்குள் எதிர்வீட்டு அம்மா, "புதுசா வரப் போறீங்களாமா? எந்தூரு? பாப்பா என்னா சாப்பிடும்?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டார். தெரு முனை பேக்கரியில் காரா பன் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் ஆதிரைக்கு ஒரு பிடி காரம் தடவிய காங்கிரஸ் கடலையைத் தாளில் மடித்துக் கொடுத்தார். அவள் தன் பெயரைச் சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொல்லி, "யாரும்மா இவ்ளோ நல்ல பேரு வெச்சது?" என்றார். வைத்தது நான். எனக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. நோட்டை மூடிப் பைக்குள் போட்டேன். பிறகு, கம்பி இல்லாத பால்கனியை நினைத்து மறுபடி எடுத்தேன்.

பழைய மைதானம் அங்கிருந்து பக்கம்தான். உள்ளே போனதும் ஊர்ச் சத்தம் பாதியாகக் குறைந்தது. பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். ஆட வருகிறவர்களின் பையைச் சுமந்து கூடவே நடப்பவர்களைக் கேடி என்கிறார்கள். அங்கே பலர் பக்கத்துப் பேட்டைத் தமிழர்கள். தேவராஜ் சாருக்குப் பதினெட்டு வருடமாகப் பை எடுப்பவர் தாஸ் அண்ணன். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. பையைச் சுமப்பது அவர் வேலையில் பாதிதான். முன்னால் போய் நின்று, அடித்த பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பது மீதி. "தாஸ் கண்ணுல இருந்து பந்து தப்பாது. பருந்து" என்று தேவராஜ் சார் அறிமுகப்படுத்தினார். தாஸ் அண்ணன் கூச்சத்தோடு ஆதிரைக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கிளப் புல்வெளியைத் தாண்டக் கூடாது என்று பலகை இருந்தது. நாங்களும் தாண்டவில்லை, கடைசிக் குழி வரை. ஆட்டம் முடியும் நேரத்தில் புல்வெளி ஓரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பந்து எங்கள் மேசைக்குப் பத்தடி தள்ளி வந்து விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பந்து பார்க்க முன்னால் வந்திருந்த தாஸ் அண்ணனிடம் ஓடி, "அண்ணா, பந்து வராத இடம் எதுண்ணா? பாப்பா தலையில பட்டுடுமோன்னு பயமா இருக்கு" என்றேன். அவர் பலகையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பெரிய மரத்துக்குப் பின்னாடி நில்லுங்கம்மா. பதினெட்டு வருஷத்துல அங்க ஒரு பந்து விழுந்ததில்ல" என்று பலகையைத் தாண்டித் தானே கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போனார்.

குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றியாம். அப்போது தேவராஜ் சார் ஓர் அடி முன்னிலையில் இருந்தார். மஞ்சுநாத் சார் எப்போதோ தோற்று, நடுவராக மாறியிருந்தார். என் கணவர் போன் செய்தார். மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆஸ்டின் டவுன் வீட்டைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே இலைகளுக்குள் ஏதோ படபடவென்று சத்தம் கேட்டது. கிளி என்று நினைத்தேன்.

தேவராஜ் சாரின் பந்தைக் காணவில்லை.

பந்தைத் தேடுவதற்கு மூன்று நிமிடம்தானாம். அதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. ஓர் அடி அபராதம், முதலில் அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். எல்லோரும் மரத்தடியில் தேடினார்கள். நானும் குனிந்து குனிந்து, சருகைக் காலால் தள்ளித் தள்ளித் தேடினேன். மஞ்சுநாத் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, தாஸின் பாக்கெட்டைப் பாருங்கள், நாளைக்கு நமக்கே விற்பான் என்றார் கன்னடத்தில். எல்லோரும் சிரித்தார்கள். தாஸ் அண்ணனும் சிரித்துக்கொண்டே, யாரும் கேட்காமலேயே, கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். பந்தை ஏற்றிவைக்கும் இரண்டு மரக்குச்சிகள், ஒரு பஸ் டிக்கெட்.

முரளி அண்ணா ஓர் அடியில் ஜெயித்தார்.

தேவராஜ் சார் கை குலுக்கினார். மறைந்த பந்துக்காக அண்ணாவை நன்றாகவே கிண்டல் செய்தார். "உனக்கு ஆட வராதுன்னு மரத்துக்கே தெரிஞ்சு போய் எரக்கம் காட்டுச்சு." பிறகு தாஸ் அண்ணனிடம், "கண்ணு போச்சு மச்சா உனக்கு. பதினெட்டு வருஷத்துல இதான் மொத தபா" என்றார். அதுவும் சிரிப்போடுதான். ஆனால் பிரட் ஆம்லெட் வரக் காத்திருக்கும்போது, கேடிகளின் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அடுத்த மாத டோர்னமென்ட்டுக்கு எனக்கு வேறு ஆள் போடு என்று தணிந்த குரலில் சொன்னதைக் கேட்டேன். அதில் சிரிப்பு இல்லை. பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஆம்லெட் வந்தது. சாப்பிட்டேன்.

மதியம் ஒயிட்ஃபீல்டு திரும்பி, துணிப்பையிலிருந்து ஆதிரையின் தின்பண்ட டப்பாவை எடுத்தேன். கனத்தது. திறந்தால் காங்கிரஸ் கடலைக்கு நடுவே ஒரு வெள்ளைப் பந்து. அதன்மேல் பச்சை மையில் இரண்டு புள்ளிகள், தேவராஜ் சாரின் அடையாளம்.

"அம்மா, அழுத்தாத. முட்டை" என்றாள் ஆதிரை.

"எங்கடி கிடைச்சுது?"

"மரத்துலேந்து விழுந்துச்சு. அதோட அம்மா கீழ போட்டுடுச்சு."

"எல்லாரும் தேடினாங்களே, நீ ஏன் சொல்லல?"

"அவங்க பந்துதானே தேடினாங்க."

தோளில் பந்தைத் தொங்கவிட்டுக்கொண்டு சருகைத் தள்ளித் தேடியவள் நான் என்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணாவின் அலமாரியில் விதிப் புத்தகம் இருந்தது. ஆதிரை தூங்கும் நேரத்தில் எடுத்துப் படித்தேன். ஆட்டத்தில் இல்லாத யாராவது, மனிதரோ நாயோ காக்கையோ, பந்தை எடுத்துவிட்டது உறுதியாகத் தெரிந்தால் அபராதமே இல்லை. பந்து இருந்த இடத்தில் இன்னொன்றை வைத்து ஆடலாம். அதாவது ஜெயித்திருக்க வேண்டியவர் தேவராஜ் சார். தாஸ் அண்ணனின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அண்ணியிடம் போனேன். விடைத்தாள் குவியலுக்குள் இருந்தார். "அண்ணி, ஒரு விஷயம்..."

"எதுவா இருந்தாலும் நாளைக்குச் சொல்லும்மா. மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் சிரிச்ச முகமா வீட்டுக்கு வந்திருக்காரு. கேளு."

வரவேற்பறையிலிருந்து முரளி அண்ணாவின் குரல் கேட்டது. நான்காவது ஆளுக்குப் போனில் கடைசிக் குழியை விவரித்துக்கொண்டிருந்தார். அடுத்து என் கணவர் என்னைக் கூப்பிட்டார். "மாமா ஜெயிச்சுட்டாராமே? அப்போ ஒயிட்ஃபீல்டுதான்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முக்கியமான முடிவுகள் எல்லாம் விளையாட்டாகச் சொன்னவைதான். என் கல்யாணம் உட்பட.

உண்மையைச் சொன்னால் ஆட்டம் மாறும். ஆட்டம் மாறினால் ஆஸ்டின் டவுன். எனக்குப் பிடித்த வீடு எனக்குக் கிடைக்கும். அப்படியானால் நான் சொல்லத் துடிப்பது தாஸ் அண்ணனுக்காகவா, மாடி வீட்டுக்காகவா? இந்த ஒரு கேள்வியிலேயே ஞாயிறு சாயங்காலம் முழுவதும் போயிற்று. ஆதிரைக்குத் தலை பின்னியதில் வகிடு கோணலாகப் போனதுகூடத் தெரியவில்லை.

திங்கள் மதியம் எங்களுக்கு ரயில். மாடி வீட்டை இன்னொரு முறை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே பெட்டியோடும் ஆதிரையோடும் மெட்ரோவில் கிளம்பினேன். அன்று பராமரிப்புக்காக மைதானம் விடுமுறை என்று அண்ணா சொல்லியிருந்ததால் தாஸ் அண்ணன் வீட்டில்தான் இருப்பார். பேக்கரியில் கேட்டேன். மூன்றாவது சந்து, நீலக் கதவு.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி. எங்களைப் பார்த்ததும் தாஸ் அண்ணன் பாயிலிருந்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். சுவரில் புத்தர் படம், அதன் கீழே வரிசையாகக் கோல்ஃப் கோப்பைகள் ஏந்திய யார் யாரோ முதலாளிகளோடு அவர் நிற்கும் புகைப்படங்கள். டீ வந்தது. நான் டப்பாவைத் திறந்து பந்தைக் காட்டினேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா" என்றார். "பாப்பா எடுத்தத பார்த்தேன்."

"பார்த்தீங்களா? அப்புறம் ஏண்ணா சொல்லல?"

"உங்கள அங்க கொண்டாந்து நிறுத்துனது யாரு? நான்தானே. பலக இருக்குது. கொழந்தைய உள்ள உட்டது கேடின்னு தெரிஞ்சா அதோட முடிஞ்சுது. மூணு நிமிஷம் இருக்குதே, பாப்பாவே குடுத்துடும், எல்லாரும் சிரிப்பாங்க, போயிடும்னு பார்த்தேன். குடுக்கல."

ஆதிரை அவர் வீட்டுப் பூனையைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் போயிருந்தாள்.

"நான் தேவராஜ் சார்கிட்ட சொல்லிடறேண்ணா. நான்தான் வற்புறுத்தினேன், உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றேன்."

"அப்போ பத்தடில நின்னுக்கினு கொழந்த பந்து எடுத்தத பார்க்காத குருடன்னு ஆவும். பார்த்தேன்னு சொன்னா, பார்த்துட்டுச் சொல்லாதவன்னு ஆவும். கண்ணு போச்சுன்னா கண்ணாடி போட்டுக்கலாம்மா. அது தேவல. பார்த்துட்டுச் சொல்லலன்னா அப்புறம் எவனும் பையத் தொட உடமாட்டான்."

அவர் மனைவி சுவரோரம் நின்றபடி, "சொல்லட்டுமே. பதினெட்டு வருசம் சொமந்த பை. நேத்துலேந்து சோறு எறங்கல இவுருக்கு" என்றார்.

"நீ சும்மா இரு கமலா."

"அவங்க யாராச்சும் பாக்கெட்ட காட்டுன்னு சொன்னாங்களா உன்ன? நீயா எதுக்குக் காட்டுன?"

அவர் டீயைக் குடித்தார். "அது வழக்கம்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

நான் எழுந்தேன். பந்தை டீ டம்ளர் பக்கத்தில் வைத்தேன். அதுவாவது அவரிடம் இருக்கட்டும் என்று தோன்றியது. அவர் சட்டென்று அதை எடுத்து, ஓடிவந்த ஆதிரையின் கையில் வைத்தார்.

"இங்க உட்டுட்டுப் போகாதீங்கம்மா. பச்சைப் புள்ளி வெச்ச பந்து என் வூட்ல இருந்தா அதுக்கு வேற பேரு."

மாடி வீட்டை நான் பார்க்கவில்லை. தெருமுனையில் ஆட்டோ பிடித்து ரயிலடிக்கு வந்தோம். இந்த முறை ரயில் நின்ற இடத்தில் எல்லாம் ஏறுவதா இறங்குவதா என்ற யோசனை இல்லை. காட்பாடி வரும் வரை ஆதிரை பந்தைத் துப்பட்டாவில் பொதிந்து மடியில் வைத்திருந்தாள்.

வேலூரில் வெயில் கொளுத்துகிறது. பந்து எங்கள் துணி அலமாரியில், அவளுடைய பழைய ஸ்வெட்டருக்குள் இருக்கிறது. சூடு போதுமா என்று தினமும் இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறாள். கணவரிடம் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இதுல என்ன இருக்கு, தூக்கிப் போட்டுடு" என்றார். அரை மணி கழித்து வந்து, "அவரே பாக்கெட்டை இழுத்துக் காட்டினாரா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு தூக்கிப் போடச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஆதிரைக்கு ஐந்தாவது பிறந்தநாள். முரளி அண்ணாவும் அண்ணியும் வருகிறார்கள். வேலூர்க் கோட்டையைப் பார்த்ததே இல்லை என்று தேவராஜ் சாரும் கூட வருகிறார். டோர்னமென்ட் அதற்கு அடுத்த வாரம். நேற்றுப் போனில் ஆதிரை முரளி அண்ணாவிடம், "மாமா, எங்கிட்ட ஒரு முட்டை இருக்கு. வந்தா காட்டறேன்" என்றாள். ரெண்டு புள்ளி இருக்கு என்று சொல்வதற்குள் நான் போனை வாங்கிவிட்டேன். அவள் வாயை இன்னும் மூன்று வாரம் பொத்திவைக்க என்னால் முடியும். பொத்திவைக்கக் கற்றுக்கொடுக்கலாமா என்பதுதான் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள், கூலிக்குப் பிறர் பொருளைச் சுமந்தவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். தாஸ் அண்ணன் குருடர் என்றும் ஆகாமல், மறைத்தவர் என்றும் ஆகாமல், அந்தப் பந்தைத் தேவராஜ் சாரிடம் எப்படிக் கொடுப்பது? என்ன வார்த்தையில் தொடங்குவது? வீட்டைப் பற்றி யோசனை வேண்டாம். அதை நாங்களே எப்படியாவது தப்பாக முடிவு செய்துகொள்வோம். பந்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.